மைக்குழியில் வெட்டாத மாந்தோப்பு

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, மைக்குழியில் இருக்கும் பதினெட்டு வீட்டுக் கதவிலும் தாலுகா ஆபீஸ் ஆட்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆர்.கே.பேட்டையிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் போகிற பாதையில், ஒரு கரட்டின் அடிவாரத்தில் இருக்கிறது அந்தக் குடியிருப்பு. வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் முத்தம்மா வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். படித்துச் சொல்ல பென்னி வந்தான். முத்தம்மாவின் அக்கா மகன் அவன். காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர், பண்டிகைக்கு லீவில் வந்திருந்தான்.

"அரசு தோப்புப் புறம்போக்கில் இருந்த மாமரங்களை அகற்றி, ஆக்கிரமிப்புச் செய்து குடியிருப்பதால்…" என்று படித்துக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"இன்னா சின்னம்மா, நாம மாந்தோப்பையே வெட்டிட்டமாமே! பொறந்ததுலேர்ந்து இங்கதான் கீறேன், ஒரு வடுமாங்கா கூட என் கண்ணுல காட்டல நீங்க. எல்லாத்தையும் நீங்களே துன்னுட்டீங்களா?"

"இந்த மண்ணுல மாமரமா? முருங்கையே மூணு வருசத்துல சாவுது" என்றாள் எதிர்வீட்டு ஷைனி.

வாசலே சிரித்தது. பென்னி மிச்சத்தையும் படித்தான். பதினைந்து நாளுக்குள் விளக்கம் சொல்லவேண்டும், இல்லையென்றால் வீடுகள் அகற்றப்படும் என்று இருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. வீட்டுமனைப் பட்டா கேட்டு ஆறு வருசமாக மனுக் கொடுத்துவந்தார்கள். அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசில் பழைய பதிவேட்டைப் புரட்டியபோதுதான் இந்தத் தோப்பு கிளம்பியிருக்கிறது.

முத்தம்மா மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய், தண்ணீர்ப் பானையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் தோப்பு எங்கிருந்து வந்தது என்று அந்தப் பதினெட்டு வீட்டிலும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளுக்கு இப்போது எழுபது வயது. தகப்பன் தானியேல், சோழவரம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் கழனியில் கூலி வேலை பார்த்தவர். அவருடைய தாய்மாமன் ஒருவர் இங்கே கல் வெட்டுகிற குழியில் கடப்பாரை பிடிக்க வந்தவர், "ஆள் தேவைப்படுது, வந்துடு" என்று சொல்லியனுப்ப, பெண்டாட்டியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இன்றைக்கு இருக்கிற பதினெட்டு வீட்டில் பதினொன்று அந்தத் தாய்மாமன் வழி. மிச்சத்தில் நாலு, அவர் வழியில் பெண் எடுத்த வீடுகள். மூன்று வீடுதான் வெளியாள், அவர்களும் இப்போது மாமன் மச்சான் ஆகிவிட்டார்கள்.

குழி வந்த கதையை முத்தம்மா தகப்பன் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நகரிப் பக்கத்து ரெட்டியார் ஒருவர் நிலத்துக்குக் கிணறு வெட்டியிருக்கிறார். தண்ணீர் வரவில்லை. கறுப்பாக, கனமாக ஒரு கல் வந்தது. தொட்டால் கையெல்லாம் மை. கிணறு வெட்டினவர்கள் மூன்று நாள் சோற்றை மைக்கையோடு சாப்பிட்டார்களாம். ரெட்டியார் அதைச் சாக்கில் கட்டி மெட்ராசுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு, சர்க்காரிடம் குத்தகை எழுதி, வடக்கே விஜயநகரத்துப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரியை இறக்கினார். அந்த மேஸ்திரிதான் கல்லின் பெயரை முதன்முதலில் சொன்னது. இரும்பை உருக்கும்போது அதோடு சேர்க்கிற கல், பெயர் மாங்கனீசு. கடப்பாரை பிடித்தவர்கள் வாயில் அந்தப் பெயர் முழுசாக நுழையவில்லை. ஒரே வாரத்தில் வால் அறுந்து 'மாங்கனி' ஆகிவிட்டது. "மாங்கனிக்குப் போறேன்", "மாங்கனியில வேலை" என்றுதான் எல்லோரும் பேசினார்கள். கேலியாக ஆரம்பித்ததா, நாக்குச் சோம்பலா, யாருக்கும் நினைவில்லை.

மேலே ஒரு ஆள் உயரத்துக்குச் செம்மண். அதன் கீழே சுண்ணாம்புக் கட்டி கலந்த சுக்கான். அதற்கும் கீழே மஞ்சள் மண், மாவு மாதிரி. அப்புறம் கறுப்பு. ஒரு கட்டில் அகலத்துக்கு, மேற்குப் பக்கமாகச் சாய்ந்து பூமிக்குள் இறங்கிய அதைப் பட்டை என்பார்கள். ஆண்கள் பட்டையைத் தொடர்ந்து தோண்டிப் போவார்கள். பெண்கள் மேலே உட்கார்ந்து சின்னச் சுத்தியால் கல்லை உடைத்து, ஒட்டியிருக்கிற வெள்ளை வெங்கச்சங்கல்லைத் தட்டி எடுத்துவிட்டு, சுத்தக் கறுப்பை ஒரு குவியலாகவும் கலப்பை ஒரு குவியலாகவும் போடுவார்கள். பதினாலு வயதில் முத்தம்மா அந்த வரிசையில் உட்கார்ந்தாள். பார்த்துப் பிரிக்கிறவர்கள் நடுவில் அவள் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாள். உள்ளங்கையில் வைத்தால் கனத்திலேயே தெரிந்துவிடும். நல்ல கல் கையை இழுக்கும், கலப்புக் கல் சும்மா உட்காரும்.

அந்த வரிசையில் இருக்கும்போதுதான் ஒரு நாள் குவியல் சரிந்து, ஒரு கல் அவள் வலது புறங்காலைக் கிழித்துவிட்டது. காயம் முழுக்கக் கறுப்புத் தூள். குழிக்கு ஒரு கம்பவுண்டர் இருந்தார், எபினேசர் என்று பெயர். நாலு தகரத்தை நிற்கவைத்த கொட்டகைதான் அவருடைய ஆஸ்பத்திரி. பழுப்புப் பாட்டிலிலிருந்து புண் கழுவுகிற மருந்தைக் காலில் ஊற்றினார். ஊற்றினதுதான் தாமதம், காயம் புஸ்ஸென்று பொங்கியது. நுரை கணுக்கால் வரைக்கும் ஏறியது, புகை மாதிரி ஆவி வந்தது, சூடு வேறு. முத்தம்மா காலே வெந்துபோயிற்று என்று கத்தினாள். கம்பவுண்டருக்கும் ஒரு நிமிடம் கை ஓடவில்லை. அப்புறம் கீழே கிடந்த ஒரு கறுப்புக் கல்லை எடுத்து அதன்மேல் ரெண்டு சொட்டு விட்டார். கல்லும் பொங்கியது.

"அழாத பாப்பா. கொதிக்கிறது உன் காலு இல்ல, கல்லு" என்றார்.

மருந்தை ஓரமாக வைத்துவிட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் துளித்துளியாக விட்டு, ஊசிமுனையால் அந்தத் தூளை ஒவ்வொன்றாக எடுத்தார். நெற்றியில் வியர்வை வழிய மத்தியானம் வரைக்கும் குனிந்தே இருந்தார். நடுவில் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. "கால் போயிடும்" என்று தகப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த கால் அது. எட்டு நாளில் ஊன்றி நடந்தாள். ஊசிக்கு எட்டாமல் தோலுக்கடியில் தங்கிவிட்ட கொஞ்சம் தூள், பச்சை குத்தினமாதிரி ஏழெட்டுப் புள்ளியாக இன்றைக்கும் இருக்கிறது.

காயம் ஆறியதும் எபினேசர் அவளைக் குவியலுக்கு அனுப்பவில்லை. "கை நிதானமா இருக்குது, கண்ணு கூர்மையா இருக்குது, எங்கிட்ட இரு" என்று கொட்டகையில் வைத்துக்கொண்டார். துணி வேகவைக்க, கட்டுப்போட, மருந்துப் பேரை நிறத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல எல்லாம் அங்கே பழகினாள். இரண்டு வருசம் போனதும் பட்டை ஒல்லியாகிவிட்டது. கட்டில் அகலம் இருந்தது கை அகலம், கை அகலம் இருந்தது விரல் அகலம். தண்ணீரும் ஊறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் ரெட்டியார் வந்து பார்த்துவிட்டு, மோட்டாரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆட்கள் போகவில்லை. போக ஊர் இல்லை. லாரியில் ஏற்றாமல் கழித்துப்போட்ட கலப்புக் கல்லை எடுத்துக் கடைகால் போட்டு, மண்சுவர் வைத்து, அப்படியே குடியிருந்துவிட்டார்கள். அந்தக் கடைகால் மேல்தான் பிற்பாடு செங்கல்லும் சிமெண்ட்டும் ஏறின.

எபினேசர் போகும்போது முத்தம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயா வேலை கிடைத்தது. முப்பத்தி நாலு வருசம் பார்த்தாள். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகளை முதலில் வாங்கினது அவள் கைதான். பென்னியை வாங்கினதும் அவள்தான், ஷைனியின் இரண்டு பெண்களை வாங்கினதும் அவள்தான். கம்பவுண்டர் இறந்து முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு பிள்ளை அழுகிறபோதும் அவள் மனசுக்குள் ஒரு தரம் அவர் பெயரைச் சொல்லிக்கொள்வாள். வாய்விட்டுச் சொன்னால் பிள்ளையைப் பெற்றவள், "யாரு அது?" என்று கேட்பாள், பெரிய கதையாகிவிடும்.

இவ்வளவு நல்லது செய்த வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில்தான் முத்தம்மா வாய் தவறியிருக்கிறாள். குழி மூடிப் பத்து வருசம் கழித்து ஒரு நாள். ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். நிலம் அளக்க ஒருவர் சங்கிலியோடு வந்தார். வெயிலில் வாடிப்போயிருந்தார். முத்தம்மாதான் மோர் கொடுத்தாள். அவர் கேட்டதும் இவள் சொன்னதும் இன்றைக்கும் ஒரு சொல் மாறாமல் நினைவில் இருக்கிறது.

"இது இன்னா இடம்மா?"

"இதுவா சார், மாங்கனி."

"ஓகோ. நல்லா இருந்துச்சா?"

"நல்லாவா? லாரி லாரியா போச்சு சார். மெட்ராஸ் வரிக்கும் போச்சு."

"இப்ப ஒண்ணையும் காணமே?"

"எல்லாத்தையும் எடுத்தாச்சு சார். ஒண்ணு வுடல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் பெருமை வேறு. நோட்டீசைப் படித்த அன்றைக்குத்தான் அவர் எதை எழுதினார் என்று புரிந்தது.

மறுநாள் காலையில் பென்னியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

பென்னி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான். கடைசியில் தாங்காமல் வெடித்துச் சிரித்தான். "மோர் வேற குடுத்தியா சின்னம்மா? மோர் குடுத்து ஊட்ட எழுதிக் குடுத்தது ஒலகத்துலயே நீ ஒருத்திதான்."

"சிரிக்காத நைனா. என் வாயாலதானே பதினெட்டு ஊடும் போவப்போவுது."

அவள் கண்ணைப் பார்த்ததும் அவன் அடங்கிவிட்டான். "போவாது. யாராண்டயும் சொல்லாத. தோப்பே கெடையாதுன்னு மனு எழுதிடலாம். நீ சொன்னதை ஒத்துக்கினா அது வேற பேஜாரு."

முத்தம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மனுவைப் பார்த்த தாசில்தார் பார்த்திபன் கெட்ட மனுசர் இல்லை. நின்றுகொண்டிருந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். "சுரங்கம்னு நீங்க சொல்றீங்க. எங்க ரெகார்டுல 'மாங்கனித் தோப்பு, மரங்கள் அகற்றப்பட்டன'ன்னு இருக்கு. வாய் வார்த்தையை வச்சு நான் மாத்த முடியாதும்மா. கனிமவளத்துல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பாக்கறேன். சுரங்கம்னு அவங்க எழுதிக் குடுத்தா, அப்ப பேசலாம்."

சொன்னபடி, நோட்டீஸ் ஒட்டின பதின்மூன்றாம் நாள் ஜீப்பில் வந்தார். கூடவே மைத்ரேயி என்று ஒரு புவியியல் அதிகாரி. திருவள்ளூர்க்காரப் பெண், முப்பது வயதிருக்கும். இடுப்பில் சுத்தி செருகியிருந்தாள். அந்தச் சுத்தியைப் பார்த்ததுமே முத்தம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

குழியைச் சுற்றி வந்தார்கள். ஐம்பது வருசத்து மழையில் கரை சரிந்து, செம்மண் உள்ளே இறங்கி, அதன்மேல் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. நடுவில் தாமரை இல்லாத ஒரு குளம் மாதிரித் தண்ணீர். பட்டை எங்கேயோ அடியில் இருந்தது. மைத்ரேயி ஒரு கல்லை உடைத்துப் பார்த்தாள், ஒரு கல்லைக் கீறிப் பார்த்தாள்.

"பழைய லீஸ் ஃபைல் எங்க ஆபீஸ்ல கிடைக்கலை சார். இங்க கறுப்பா இருக்கு, ஆனா இரும்புக்கல்லும் இப்படித்தான் இருக்கும். தோண்டின பள்ளம்ங்கறது தெரியறது. எதுக்குத் தோண்டினாங்கன்னு சொல்லணும்னா சாம்பிளை லேபுக்கு அனுப்பணும். ரெண்டு மூணு மாசமாகும்."

"எனக்கு நாளை மறுநாள் கெடு முடியுது மேடம்" என்றார் பார்த்திபன்.

பென்னி தரையைப் பார்த்தான். ஷைனி முந்தானையை வாயில் கடித்துக்கொண்டாள். முத்தம்மா திரும்பித் தன் வீட்டுக்கு நடந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புண் கழுவ இப்போதும் வாங்கி வைக்கிற பழுப்புப் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அம்மாடி, இப்பிடி வா. நீங்களும் வாங்க சார். குழிக்குள்ள எதுக்குத் தேடறீங்க? கல்லு என் ஊட்டு அடியிலதான் கீது."

வாசற்படிக்குப் பக்கத்தில் பூச்சு உதிர்ந்து கடைகால் தெரிந்தது. சுத்தியை மைத்ரேயியிடம் கேட்டு வாங்கினாள். ஐம்பது வருசம் பிடிக்காத சுத்தி, கை மறக்கவில்லை. ஒரே தட்டில் ஒரு சில்லு தெறித்தது. உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"இது கலப்பு. ஆனா கறுப்பு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, சில்லைப் படியில் வைத்துப் பாட்டிலைச் சாய்த்தாள்.

கல் புஸ்ஸென்று பொங்கியது. வெள்ளை நுரை படியில் வழிந்து கீழே இறங்கியது. சின்னதாக ஆவி கிளம்பியது. தாசில்தார் ஒரு அடி பின்னால் போனார்.

மைத்ரேயி குழந்தை மாதிரிக் கையைத் தட்டினாள். "ஐயோ, ஹைட்ரஜன் பெராக்சைடு! இரும்பு இப்படிப் பொங்காது சார். இது மாங்கனீசுதான். இது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நாங்க காலேஜ்ல படிச்சது!"

"எனுக்கு என் காலு சொல்லிக் குடுத்துது" என்று முத்தம்மா படியில் உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கி, புறங்காலின் கறுப்புப் புள்ளிகளைக் காட்டினாள். கம்பவுண்டர் எபினேசரின் கதையை அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டு முழுசாகச் சொன்னாள். மைத்ரேயி குனிந்து அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து, அவளும் ஒரு கதை சொன்னாள். உயிர் என்றால் கண்ணுக்குத் தெரியாத தூசி மாதிரிதான் இருந்த காலத்தில் இந்த இடம் கடலுக்கு அடியாக இருந்திருக்கலாம். அந்தக் கடலடியில் படிந்த சேறு பூமிக்குள் போய் வெந்து, மடிந்து, மறுபடி மேலே வந்து, மழை மற்றதையெல்லாம் கரைத்துவிட்டுக் கறுப்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கும். அதன் ஒரு ஓரம்தான் இந்தப் பட்டை.

"அப்ப நாங்க கடல் மேல ஊடு கட்டியிருக்கமா?" என்றான் பென்னி. "நானு காட்டுப்பள்ளி வரிக்கும் எதுக்கு ஓடறேன்?"

பார்த்திபன் சிரித்தார். "எல்லாம் சரிதான். ஆனா 'மாங்கனி'ன்னு எங்க ஆள் எப்படி எழுதினார்? அதுக்கு நான் ஒரு காரணம் எழுதணுமே."

பென்னி கண்ணைக் காட்டினான், வேண்டாம் என்று. முத்தம்மா அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று கைகூப்பினாள்.

"நான்தான் சார் சொன்னேன். எங்க வாயில அப்பிடித்தான் வரும். அவரு மேல தப்பு இல்ல. நல்ல மனுசன், வெயில்ல வந்தாரு. நல்லா இருந்துச்சான்னாரு, லாரி லாரியா போச்சுன்னேன். இப்ப ஒண்ணையும் காணமேன்னாரு, ஒண்ணு வுடலன்னேன். எழுதினு போயிட்டாரு. தண்டனைன்னா எனுக்குக் குடுங்க. மத்த பதினேழு ஊட்டுக்கும் இதுல ஒண்ணுங் கெடையாது."

 தாசில்தார் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. கடைசியில் வெயில் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். கூட மைத்ரேயி, ஷைனி, சுற்றி நின்ற அத்தனை பேரும்.

"இதை அப்படியே எழுதறேன்மா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்காது. அன்னிக்கு என்ன பேசினீங்களோ ஒரு வரி விடாம இன்னொரு தடவை சொல்லுங்க."

படியில் உட்கார்ந்தே எழுதினார். முத்தம்மா பெருவிரல் வைக்கவில்லை. ஆயா வேலையில் பழகின கையெழுத்தை, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். மைத்ரேயி சாட்சியாகத் தன் அறிக்கையை அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். கிளம்பும்போது முத்தம்மா அவள் கையில் அந்தக் கல்சில்லைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, "நல்லாருப்ப கண்ணு. உங்கூட்டுப் பெரியவங்களையும் கேட்டேன்னு சொல்லு" என்றாள். தாசில்தாருக்கு மோர் கொடுத்தாள். அவர் குடிப்பதற்கு முன்னால் பென்னியைப் பார்த்து, "இதைக் குடிச்சுட்டு நான் எதையும் எழுத மாட்டேன், சரியா?" என்றார்.

ஆவணி மாதத்தில் பட்டா வந்தது. பதினெட்டு வீட்டுக்கும் வந்தது. பென்னி லீவு போட்டுவிட்டு வந்து, முத்தம்மாவின் காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தான். வகைப்பாடு குடியிருப்பு நத்தம் என்று மாறியிருந்தது. பெயர், அளவு, நாலு எல்லை எல்லாம் சரி. இடத்தின் பெயர் வந்ததும் அவன் குரல் நின்றது.

"தூ, மறுபடியும் பாரு! 'மாங்கனி'ய 'மாங்கனீசு'ன்னு திருத்தினாங்க, தோப்பைத் திருத்தல. 'மாங்கனீசுத் தோப்பு'ன்னு போட்டுக்கீது! நாளைக்கே போயி மாத்திக்கினு வரேன்."

"நீ ஒண்ணும் போவாத" என்றாள் முத்தம்மா. "நமக்காவ அந்த மனுசன் படியில குந்தி எழுதினாரு. அந்தப் பொண்ணு வேகாத வெயில்ல வந்துச்சு. இன்னொரு தபா போயி இது நொட்டை அது நொள்ளைன்னு நிக்கறதா? இருக்கட்டும். அந்தக் கல்லுதான் எங்கப்பனுக்குச் சோறு போட்டுது, எனுக்கு வேலை குடுத்துது, இப்ப ஊடும் குடுத்துக்கீது. எந்த மரம் இத்தினி காய்ச்சிது? தோப்புன்னு சொன்னா இன்னா தப்பு?"

காகிதத்தை மடித்து, அலமாரியில் பழுப்புப் பாட்டிலுக்குப் பின்னால் வைத்தாள். வைக்கும்போது உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று பென்னி கேட்கவில்லை. கம்பவுண்டர் பெயர்தான் என்று அவனுக்குத் தெரியும்.

போன வாரம் கரண்ட் மீட்டர் எழுத ஒரு புது ஆள் வந்தான். நல்ல வெயில். முத்தம்மா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு நோட்டைப் பிரித்து, "இது இன்னா இடம்மா?" என்று கேட்டான்.

"மாங்கனீசுத் தோப்பு."

அவன் எழுத ஆரம்பித்தான். முத்தம்மா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"'சு' போட்டியா? வுட்டுடாத. எழுதினதைப் படி பாப்பம்."